அதிகாலை நாலரை மணி ஜூம், காலை ஒன்பது மணி ஓ.பி.: இரண்டு கிளினிக்கல் இன்டர்ன்ஷிப், ஒரு விமர்சனம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் கிளினிக்கல் இன்டர்ன்ஷிப், நான்கு வாரம், 299 டாலர். கார்டு கட்டணமெல்லாம் சேர்த்து அப்பா கணக்கிலிருந்து 26,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. நேரில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது ஐந்து வாரம், கட்டணம் கிடையாது, பஸ்ஸுக்கும் டீக்கும் வறுக்கிக்கும் ஆனதுதான் செலவு. இரண்டையும் ஒரே விடுமுறையில் செய்தேன். நடுவில் இரண்டு வாரம் இரண்டும் ஒன்றாகவே ஓடின. அந்த இரண்டு வாரம் இல்லையென்றால் இந்த விமர்சனத்தை வேறு மாதிரி, ரொம்பக் கோபமாக எழுதியிருப்பேன்.

நான் நீலகிரி மாவட்டத்துக் கட்டபெட்டுக்காரி. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன், இரண்டு வருடம் முடிந்திருக்கிறது. அங்கே நம் ஊர் மாதிரி பிளஸ் டூ முடித்ததும் நேராக மருத்துவம் கிடையாது. நாலு வருடம் ஏதாவது ஒரு பட்டம், கூடவே வேதியியல், உயிரியல், இயற்பியல் என்று கேட்கிற பாடங்கள், எம்கேட் என்ற தேர்வு, அதற்கப்புறம்தான் நாலு வருட மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேலே ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. இந்த முதல் நாலு வருடத்தில் இருப்பவர்களைத்தான் பிரீமெட் என்பார்கள். அது ஒரு பட்டத்தின் பெயர் இல்லை, ஒரு நிலைமையின் பெயர். என் மாமாவுக்கு இது இன்னும் புரியவில்லை. "நீட் எழுதியிருந்தா இந்நேரம் பாதி டாக்டராயிருப்பே" என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்லிவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

நீட் பேச்சு வந்ததால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆன்லைன் இன்டர்ன்ஷிப் விளம்பரம் இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளின் போனிலும் வருகிறது, "எதிர்கால மருத்துவர்களுக்கு" என்று. நீட் எழுதப்போகிற பிள்ளையின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். கவுன்சிலிங்கில் பார்ப்பது நீட் மதிப்பெண்ணும் ஒதுக்கீடும்தான், இந்தச் சான்றிதழை அங்கே யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஊட்டியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வருடத்துக்கு 150 இடம். உள்ளே போய்விட்டால் முதல் வருடத்திலேயே நோயாளியைப் பார்க்க வைக்கிற மாதிரி 2019-ல் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அந்த 26,000 ரூபாயை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க விண்ணப்பத்தில் கதையே வேறு. நீ மருத்துவம் என்றால் என்னவென்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாயா என்பது அங்கே ஒரு பெரிய கேள்வி. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் இதுவரை செய்த வேலைகள், தொண்டு, ஆராய்ச்சி எல்லாவற்றையும் சேர்த்து 15 பதிவுகள் வரை போடலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம், விசாரிக்க யாரைக் கூப்பிடலாம், என்ன செய்தாய் என்று 700 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும். அதில் மருத்துவரைக் கூட இருந்து கவனிப்பதற்கென்றே ஷேடோயிங் என்று தனி வகை உண்டு. 2020-ல் கொரோனா வந்து மருத்துவமனைக் கதவெல்லாம் மாணவர்களுக்கு மூடியபோதுதான் இந்த ஆன்லைன் ஷேடோயிங் பெரிதாகக் கிளம்பியது. அப்போது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கதவு திறந்த பிறகும் கடையை மூடவில்லை.

சரி, ஆன்லைனுக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. இந்த மாதிரி நிறைய இருக்கின்றன, நான் சேர்ந்தது அதில் ஒன்று.

வகுப்பு வாரத்தில் இரண்டு நாள், அங்கே கிழக்குக் கடற்கரை நேரம் மாலை ஏழு மணிக்கு. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், ஆக கட்டபெட்டில் அதிகாலை நாலரை. ஜூன் மாதம், வெளியே மேகம் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கேமராவில் தெரிகிற அளவுக்கு மட்டும் தலைவாரி உட்கார்ந்திருப்பேன். கேமரா கட்டாயம், முகம் தெரியவில்லையென்றால் வருகைப் பதிவு கிடையாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது வகுப்பில் 4:50-க்குக் கரண்ட் போனது, கூடவே வைஃபையும். போன் டேட்டாவில் மறுபடி உள்ளே நுழைவதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. "வருகை இல்லை." பதிவுசெய்த வீடியோவைப் பார்த்தால் பாதி நேரம்தான் கணக்கு. இதைச் சொல்லி மெயில் அனுப்பினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. இரண்டாவது மெயிலுக்கும் அதே நன்றி.

வகுப்பு எப்படி? முந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதில் ஒருவர் மட்டும் பேசுகிறார், மற்றவர்கள் சாட்டில் எழுதுகிறார்கள், சாட் ஆற்றுவெள்ளம் மாதிரி ஓடுகிறது. பேசுகிற டாக்டர்கள் நல்லவர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு அவசர சிகிச்சை டாக்டர் நெஞ்சுவலி கேஸ் ஒன்றை முக்கால் மணி நேரம் பிரித்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே வந்த பத்து நிமிடத்துக்குள் ஏன் ஈசிஜி எடுத்துவிட வேண்டும், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் முதல் தடவை சரியாக இருந்தாலும் ஏன் சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும், இதயம் இல்லையென்றால் வேறு எதெல்லாம் இப்படி வலிக்கும், அதில் எது ஆளைக் கொல்லும், எது கொல்லாது, எந்த வரிசையில் ஒவ்வொன்றையும் ஒதுக்கிக்கொண்டே போவது. ஒரு மருத்துவரின் மூளைக்குள் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி இருந்தது. மருத்துவமனையில் நான் இருந்த ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட யாரும் எனக்கு இவ்வளவு நிதானமாக எதையும் விளக்கவில்லை. விளக்க நேரமும் இல்லை. அப்புறம், நரம்பு அறுவை சிகிச்சை, தடயவியல் நோயியல் மாதிரி துறைகளை மலையில் உட்கார்ந்துகொண்டு நேரில் பார்க்க எனக்கு வழியே கிடையாது. இதெல்லாம் ஆன்லைனுக்கு மார்க்.

ஆனால் ஒன்று. முதல் இரண்டு வாரமும் என்னிடம் கேட்பதற்கு ஒரு கேள்விகூட இல்லை. "கேள்வி இருக்கிறதா" என்று அவர்கள் கேட்கும்போது சாட்டில் மற்றவர்கள் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்களும் பாதிப் பேர் "உங்கள் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்றுதான் கேட்டார்கள். காரணம் அப்போது விளங்கவில்லை.

அடுத்த குறை பெரிய குறை. நேரலை வகுப்பு மொத்தமே 32 மணி நேரம். கடைசியில் வந்த சான்றிதழில் 100 மணி நேரம் என்று இருந்தது! மீதி 68 மணி நேரம் "சுயபடிப்பு"வாம். நான் என்ன படித்தேன், படித்தேனா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை, அவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். இதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் பொய் சொல்வது நான்தான், அவர்கள் இல்லை. விண்ணப்பத்துக்காக நான் வைத்திருக்கிற பட்டியலில் கரண்ட் போன நாளையும் கழித்துவிட்டு 28 என்று குறித்திருக்கிறேன். இன்னும் கேளுங்கள், 75 டாலர் கூடுதலாகக் கட்டினால் ஒரு டாக்டரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருவார்களாம். அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்திருந்தால் தீப்பெட்டி அளவில்தான் பார்த்திருப்பார், அதுவும் முந்நூறு தீப்பெட்டிகளில் ஒன்றாக. எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இதே மாதிரி விஷயத்தை இலவசமாகத் தருகிறவர்களும் உண்டு என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி 'அப்சர்வ் ஜிபி' என்று ஒன்று வைத்திருக்கிறது, பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும் ஒரு ஆன்லைன் பயிற்சி வைத்திருக்கிறது. அங்கே மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிற பள்ளிப் பிள்ளைகளை நினைத்துச் செய்தவை, ஒரு பைசா வாங்குவதில்லை. அதைப் பார்த்துவிட்டு 299 டாலரை நினைத்தபோது அப்பாவிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது, சொல்லவும் இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி நேரில். இதிலும் முதல் முயற்சி கோணலாகத்தான் போனது. குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். முதல் நாளே கழுத்தில் ஸ்டெத்தை மாட்டிவிட்டார்கள். இரண்டாம் நாள் கம்பவுண்டர் அண்ணன் ரொம்ப அன்பாக, "பாப்பா, ஊசி போட்டுப் பாக்கறியா? நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். எதிரில் தோட்டத்து வேலை முடித்து வந்த ஒரு அக்கா, சட்டைக் கையை ஏற்கெனவே மடித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன், மூன்றாம் நாள் போகவில்லை. வெளிநாட்டில் போய்ப் பயிற்சி எடுக்கிற பிரீமெட் மாணவர்களுக்கென்றே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், அதாவது ஏஏஎம்சி, வழிகாட்டிக் குறிப்புகள் வைத்திருக்கிறது. பயிற்சி இல்லாதவர் நோயாளி உடம்பில் கை வைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதைச் செய்துவிட்டுப் பெருமையாக விண்ணப்பத்தில் எழுதினால் உதவுவதற்குப் பதில் கவிழ்த்துவிடும். ஆனால் உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது அந்தக் குறிப்பு இல்லை, அந்த அக்காவின் மடித்த சட்டைக் கைதான்.

இரண்டாவது இடம் ஒரு சின்ன தொண்டு மருத்துவமனை. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், போட்டால் அடுத்த மே மாதம் முப்பது பேர் வாசலில் நிற்பார்களாம். ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் சேர்ப்பார்கள். போன் செய்து கேட்டால் சரியான பதில் வராது, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓ.பி. ஓய்ந்த பிறகு நேரில் போய் நின்றேன். டாக்டர் மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதுக்கு?" என்றார். விண்ணப்பத்துக்கு என்று சொன்னேன். "சரி, உண்மையச் சொன்னே. திங்கள்கிழமை வா" என்றார். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டதற்கு ஆதாரம், உள்ளே பார்த்ததை வெளியே பேசமாட்டேன் என்று ஒரு கையெழுத்து. போன் ஆபீஸ் மேஜை டிராயரில். வெள்ளைக் கோட்டு கூடாது, அதை மாட்டினால் டாக்டர் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். கோட்டு இல்லாமலும் நினைத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பாட்டி என் முன்னால் வந்து காலை நீட்டி, "டாக்டரம்மா, இதப் பாரு" என்றார். நான் டாக்டர் இல்லை பாட்டி, படிக்கிறதுக்காகப் பார்க்க வந்திருக்கேன் என்றேன். "அப்ப சும்மாதான் ஒக்காந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் காலை இழுத்துக்கொண்டார். முதல் வாரம் முழுக்க அதுதான் என் வேலை விவரம்.

ஒன்பது மணிக்கு ஓ.பி. தொடங்கும். ஒரு டாக்டர், மதியத்துக்குள் எழுபது எண்பது சீட்டு. கதவுக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் சீட்டோடு வந்து நின்றுவிடுவார், அவர் பின்னால் அவர் மருமகள். அமெரிக்காவில் நோயாளி பற்றிய தகவல் ஒன்று வெளியே கசியாமலிருக்க 1996-லேயே ஹிப்பா என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், ஆன்லைன் வகுப்பில் கேஸ் காட்டுவதற்கு முன்னால் அதைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசுவார்கள். இங்கே ஒருவருக்குச் சர்க்கரை ஏறியிருப்பது வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்கும் தெரிகிறது, பத்துப் பேரும் வைத்தியம் சொல்கிறார்கள். இதை நான் நல்லது என்று சொல்லவரவில்லை. நல்லதில்லை. ஒரு பெண் சொல்லவந்ததைச் சொல்லாமலேயே திரும்பிப் போனதை இரண்டு முறை பார்த்தேன். சிஸ்டர் பின்னாலேயே போய் ஒருவரைக் கூட்டிவந்தார், இன்னொருவர் பஸ் ஏறிவிட்டார்.

நாய்க்கடி அடிக்கடி வரும். குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிற மாவட்டம் இது, இங்கே நாய்க்கடிக்கு ஊசி உண்டு என்பது குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டுதான் வருவார்கள். ஊசிக்கு முன்னால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது குழாயடியில் கூட நின்றால்தான் தெரியும், ஜூலை மாதத் தண்ணீர், பையன் "போதும்க்கா போதும்க்கா" என்று கத்துகிறான், அப்பாவுக்கே கை விறைத்துப்போய் ஆறாவது நிமிடத்தில் குழாயை மூடப் பார்க்கிறார், சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்.

இப்போது அந்த இரண்டு வாரத்துக்கு வருகிறேன், காலையில் ஜூமும் ஒன்பதுக்கு ஓ.பி.யும் சேர்ந்து ஓடிய வாரங்கள். கட்டபெட்டில் வகுப்பை முடித்துவிட்டு அப்படியே பஸ் பிடிப்பேன்.

அரிவாள் செல் ரத்தசோகை பற்றி ஒரு வகுப்பு, ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய் அது. பீட்டா குளோபினில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் வேலின் வந்து உட்காரும் என்று எம்கேட்டுக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தது, அவ்வளவுதான் தெரியும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து பேசிய டாக்டர் வலி எப்படித் தாக்கும், குளிர், நீர்ச்சத்து குறைவது, காய்ச்சல் எதெல்லாம் அதைக் கிளப்பும் என்று சொன்னார். ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் அதிகம், இந்தியாவிலும் பழங்குடி மக்களிடம் உண்டு என்று போகிறபோக்கில் சொன்னார். அடுத்த வாரம் வார்டில் இருளர் குடும்பத்துப் பையன் ஒருவன், கால் எலும்பெல்லாம் வலி என்று சுருண்டு கிடந்தான், சத்தமே போடவில்லை, அவன் அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டிரிப்ஸ், வலிக்கு மருந்து, இரண்டு கம்பளி. டாக்டர் மேடம் எனக்கு எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன், அரிவாள் செல்லா என்று. ஆமாம் என்றார், உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பார்வை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பு 1990-லிருந்து நடத்துகிற ஆதிவாசி மருத்துவமனை இந்த நோய்க்காரர்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. 2047-க்குள் ஒழிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டமே தொடங்கியிருக்கிறது. இத்தனையும் என் மாவட்டத்தில், நான் பிறந்து வளர்ந்த இடத்தில், எனக்குத் தெரியாமல். ஜார்ஜியாக்காரர் சொல்லித்தான் கட்டிலில் கிடந்த பையனுக்கு என்ன என்று ஊகிக்க முடிந்தது. ஆன்லைனைத் திட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. டாக்டர் மேடம் கீழே சமவெளியிலிருந்து வந்தவர், இங்கே படகர்கள் பேசுகிற படகா மொழி தெரியாது. வயதான படகர் பாட்டிகள் சிலர் தமிழில் தட்டுத்தடுமாறி ஆரம்பித்துச் சட்டென்று படகாவுக்குப் போய்விடுவார்கள், சிஸ்டர்தான் நடுவில். பாட்டி மூன்று நிமிடம் பேசுவார், கையை ஆட்டி, மூக்கை உறிஞ்சி, ஒரு பெருமூச்சு விட்டு. சிஸ்டர் டாக்டரிடம் திரும்பி, "மூச்சு வாங்குதாம் மேடம்" என்பார். அந்த மூன்று நிமிடம் எங்கே போனது? ஆன்லைனில் நோயாளியாக நடித்தவர்கள் எல்லோரும் எப்போது ஆரம்பித்தது, எங்கே வலி, எதனால் கூடுகிறது என்று பாடப்புத்தக வரிசையில் சொல்வார்கள், அதனால் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த வகுப்பில் முதல் தடவையாகச் சாட்டில் எழுதினேன். நோயாளியின் மொழி டாக்டருக்குத் தெரியாமல், நடுவில் இருப்பவர் சுருக்கிச் சொன்னால் என்ன செய்வது? அந்த டாக்டர் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அதையே பேசினார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வீட்டுக்காரர்களை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது, சுருக்காமல் முழுதாகச் சொல்லச் சொல்ல வேண்டும், கண் மொழிபெயர்ப்பவரிடம் போகக் கூடாது, நோயாளியிடமே இருக்க வேண்டும். அந்த நான்கு வாரத்தில் எனக்கே எனக்கென்று கிடைத்த பத்து நிமிடம் அது.

டீ நேரத்தில் இதை டாக்டர் மேடத்திடம் சொன்னேன். சிரித்தார். "எண்பது பேர் வெளிய நிக்கறாங்க. மொழிபெயர்ப்பாளருக்கு உங்க காலேஜ் சம்பளம் குடுக்குமா? நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே, உனக்குத் தெரியாதா?" பள்ளித் தோழிகளோடு பேசிப் பழகிய அரைகுறை படகா எனக்கு உண்டு. பேசினால் அவர்கள் சிரிப்பார்கள், கேட்டால் முக்கால்வாசி புரியும். அதுவரை அது ஒரு தகுதி என்று நினைத்ததில்லை. அடுத்த நாளிலிருந்து சிஸ்டர் சுருக்கும்போது நான் பாட்டியையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காவது நாள், விறகடுப்பிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒரு பாட்டி, நெஞ்சு விசில் மாதிரி சத்தம். போன மாதம் கொடுத்த இன்ஹேலர் கேட்கவில்லை என்று சிஸ்டர் சொல்ல, டாக்டர் மருந்தை மாற்றி எழுதப்போனார். ஆனால் பாட்டி சொன்னது அது இல்லை. இன்ஹேலரை அவர் எடுக்கவே இல்லை, பனிக்காலத்துக்கென்று பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார், அப்போதுதான் மூச்சு ரொம்ப முட்டும், இப்போதே தீர்த்துவிட்டால் அப்போது என்ன செய்வது? நான் டாக்டரிடம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அப்புறம் பாட்டியிடம், தீர்ந்தால் மறுபடி தருவோம், இங்கே காசு கிடையாது என்று சொல்லச் சொன்னார். என் படகாவில் சொன்னேன். பாட்டி சிரித்தார், என் உச்சரிப்புக்கு.

ஐந்து வாரத்தில் நான் எதற்காவது பயன்பட்டேன் என்றால் அந்த ஒரு நிமிடம்தான், மற்ற நேரமெல்லாம் மூலையில் ஸ்டூல். நேரில் பார்ப்பதைப் பற்றி விளம்பரம் மாதிரி எழுதுகிறவர்கள் இந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்வதில்லை. கால் மரத்துப்போகும், சலிப்பாக இருக்கும், ஒரே சளி, ஒரே முதுகுவலி, கொழுந்து பறிக்கிற பெண்களின் அதே தோள்வலி, டாக்டருக்கு உங்கள் பெயர் மூன்றாவது வாரம்தான் மனதில் நிற்கும். மழையில் மரம் விழுந்து ரோடு அடைபட்டால் அன்றைக்கு லீவு, எனக்கு அப்படி மூன்று நாள் போனது. துறை துறையாகப் பார்க்கவும் முடியாது, பெரிய கேஸ் என்றால் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவார்கள், ஆம்புலன்ஸ் கதவு மூடுவதோடு உங்களுக்குக் கதை முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அப்புறம் விண்ணப்ப விஷயம். ஆன்லைன் நேரத்தை ஏற்றுக்கொள்வதில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி, அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்வதுதான் வழி. என் கல்லூரி ஆலோசகர் சொன்னது: ஆன்லைனை மட்டும் வைத்துக்கொண்டு போகாதே, இந்தியாவில் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டும் போகாதே, அமெரிக்க மருத்துவமனை எப்படி ஓடுகிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். அதனால் இலையுதிர்காலத்தில் அங்கே ஒரு மருத்துவமனையில் தொண்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நம்மைப் போல வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிற மருத்துவக் கல்லூரிகளே அங்கே குறைவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மணி நேரம் சேர்ப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

மார்க் போடச் சொன்னால் ஆன்லைனுக்கு ஐந்துக்கு இரண்டு. பாடத்துக்கு நாலு போடலாம், சான்றிதழ் தில்லுமுல்லுக்கும் மெயிலுக்குப் பதில் இல்லாததற்கும் சேர்த்து இரண்டு குறைத்துவிட்டேன். 3,000 ரூபாய் என்றால் சேருங்கள், 26,000 என்றால் வேண்டவே வேண்டாம். எடுத்தே தீர வேண்டுமென்றால் நேரில் எங்காவது உட்கார ஆரம்பித்த பிறகு எடுங்கள், அப்போதுதான் கேட்பதற்குக் கையில் ஏதாவது இருக்கும். முதல் இரண்டு வாரத்தை நான் வெறும் கையோடு உட்கார்ந்து வீணடித்தேன். மருத்துவமனைக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது அந்த பஸ் ஏறிப் போன பெண்ணுக்காக. திரை ஒன்று தொங்கவிட ஒரு கம்பியும் துணியும்தானே வேண்டும் என்று கடைசி நாள் டாக்டர் மேடத்திடம் கேட்டுவிட்டேன். "போட்டுக் குடு" என்றார். அப்பா கம்பி வாங்கிவிட்டார், துணி அம்மா தைக்கிறார், ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொண்டுபோய் மாட்ட வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. அறையில் ஹீட்டர் கிடையாது, ஸ்டூல் இரும்பு.